எந்த நோன்பிலிருந்து

வியாழக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று அஜ்மீர் நானா கெடு வைத்திருந்தார். வியாழன் வந்துவிட்டது. மெஹர் பானு இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் என்ற முறையில் அவள் நானா என்று அழைக்கும் அஜ்மீர், பள்ளிவாசல்களுக்குத் தொழுகை நேரப் பலகை செய்து கொடுப்பவர். துபாயில் பதினெட்டு வருடம் விளம்பரப் பலகைகளுக்கு ஒயர் இழுத்தவர். ஊர் திரும்பியதும் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மாடியைப் பிடித்து இந்த வேலையைத் தொடங்கினார். பலகையில் ஐந்து வேளைத் தொழுகையின் நேரமும் சிவப்பு எழுத்தில் எரியும். அதன் முதுகில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கணினி ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் ஓடும் நிரலை எழுதியது மெஹர் பானு. பலகையை ஏணி போட்டு மாட்டுவது நித்யஸ்ரீ. ஆபீஸ் என்றால் இந்த மூன்று பேர்தான்.

காரைக்காலில் தொடங்கி நாகூர், மயிலாடுதுறை வரைக்கும் அறுபத்திரண்டு பலகைகள். நிரல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். செட்டிங் மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறும். அஸர் என்னும் மாலைத் தொழுகை ஷாஃபி பிரிவினருக்கு முன்னால் வரும், ஹனஃபி பிரிவினருக்குப் பின்னால். சில ஜமாஅத்துகள் சூரியன் மறைந்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைப்பார்கள், சில இடத்தில் மூன்று நிமிடம். முந்திவிடாமல் இருக்கப் பேணுதலுக்காகக் கூட்டும் நிமிடங்கள் இவை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செட்டிங் கோப்பு ஆபீஸ் கணினியில் இருந்தது. பாங்கு சொல்லும் மோதினார்கள் போன் செய்து மாற்றச் சொல்வார்கள். மெஹர் பானு எங்கே இருந்தாலும் போனிலேயே அந்தக் கோப்பைத் திறந்து மாற்றிவிடுவாள்.

மாற்றும்போது பழையதை அழிக்க அவளுக்குப் பல நேரம் மனம் வராது. ஆகவே கீழப்பள்ளிக்கு மட்டும் நான்கு கோப்புகள் இருந்தன. கீழப்பள்ளி. கீழப்பள்ளி புதுசு. கீழப்பள்ளி கடைசி. கீழப்பள்ளி இதுதான் கடைசி.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் அந்தக் கெடு. கிட் என்று ஒன்று இருக்கிறது. கோப்பில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், என்றைக்கு, யார், எதற்காக என்பதோடு எழுதி வைத்துக்கொள்ளும். ஆன்சிபிள் என்று இன்னொன்று. எந்தப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால், ஒரே கட்டளையில் அறுபத்திரண்டையும் அப்படியே ஆக்கிவிடும்.

“என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?” அஜ்மீர் சாவிக்கொத்தை மேசையில் போட்டார்.

“ரெண்டும் வேணும் நானா.”

“ரெண்டும் வேணும்னு சின்னப்புள்ளகூடச் சொல்லும். ஹஜ்ஜுக்கு முன்னாடி பதினோரு பலகை முடிக்கணும். இருக்கிறது நீ ஒரு ஆளு. ரெண்டையும் படிச்சிக்கிட்டு ஒக்காந்தா வேலையை யாரு பாக்குறது? ஒண்ணைச் சொல்லு.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“இஃபாத்தைக் கேட்டேன். ஆன்சிபிள்தான்ங்கிறான்.” இஃபாத் அவருடைய அண்ணன் மகன். ஷார்ஜாவில் பெரிய கம்பெனியில் இருப்பவன். “அங்க ஆயிரம் மிஷினை ஒருத்தன் ஒக்காந்த எடத்துலேந்து பாத்துக்கிறானாம். கிட்டுங்கிறது சும்மா நோட்டு எழுதுற வேலையாம்.”

நித்யஸ்ரீ, திருகாணி டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “ஒண்ணு நோட்டு எழுதும், இன்னொண்ணு வேலை செய்யும். இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? வேலை செய்யிறதையே வாங்குங்க. எனக்கும் ஸ்கூட்டி பெட்ரோல் மிச்சம்.”

அப்போது போன் வந்தது. கீழப்பள்ளி மோதினார் காஜா மைதீன். தலத்தெரு பக்கம் இருக்கும் சின்னப் பள்ளி அது. மெஹர் பானுவின் வீடும் அதைச் சுற்றியுள்ள மஹல்லாவில்தான்.

“மெஹரு, நம்ம போர்டு மக்ரிபுக்கு முந்துதாம்மா?”

“இல்லையே மாமா. ஏன்?”

“ஜொஹரா வந்து வாசல்ல நிக்கிறா. பெருநாள் கழிச்சுப் பிடிக்கிற ஷவ்வால் ஆறு நோன்பு பிடிக்கிறா. நேத்து மாடியில துணி எடுக்கப் போயிருக்கா. நான் இங்க பாங்கு சொல்றேன், அங்க சூரியன் வயலுக்கு மேல ஒரு விரக்கடை நிக்கிதாம். ‘மோதினாருக்கு என்ன அவசரம், பஸ்ஸு போயிடுமா’ன்னு கேக்குறா. நான் போர்டைப் பாத்துத்தாம்மா சொன்னேன்.”

பின்னால் ஜொஹரா மாமியின் குரல் கேட்டது. “சூரியன் போர்டைப் பாத்தா மறையுது? கேளுங்க அந்தப் புள்ளகிட்ட.”

மெஹர் பானு கோப்பைத் திறந்தாள். ஸஹர் முடிவு, கழித்தல் இரண்டு. அது சரி. விடியும் முன் உண்ணும் சாப்பாட்டை இரண்டு நிமிடம் முன்னதாக நிறுத்துவது பேணுதல். மக்ரிப், கழித்தல் இரண்டு. அது கூட்டல் இரண்டாக இருக்க வேண்டும். மேல் வரியை நகல் எடுத்துக் கீழே ஒட்டியிருக்கிறாள். கட்டைவிரல் செய்த வேலை.

சூரியன் மறைவது ஆறு இருபத்திரண்டுக்கு. பாங்கு ஆறு இருபத்துநான்குக்குச் சொல்ல வேண்டும். பலகை ஆறு இருபது என்று காட்டியிருக்கிறது. மறைவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் வாயில் பேரீச்சம்பழம் போட்டால் அந்த நோன்பு நோன்பே இல்லை.

“மாமா,” என்றாள். “போர்டு தப்புதான். சரி பண்ணிட்டேன். சுவிட்சை அணைச்சுப் போடுங்க, புதுசு ஏறிடும்.”

சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு காஜா மைதீன், “இருபத்துநாலு வந்துடுச்சு” என்றார். அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எந்த நோன்பிலேருந்தும்மா தப்பு?”

மெஹர் பானு கோப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். காஜா மைதீன் தொடர்ந்தார்.

“இமாம்கிட்ட சொல்லணும்மா. நாளைக்கு ஜும்ஆ. ரமலான்லேயே தப்புன்னா மஹல்லா மொத்தமும் களா பிடிக்கணும். எத்தனை நாளுன்னு கேப்பாங்க. தேதியோட சொல்லு.”

களா என்றால் தவறிப்போன நோன்பைப் பின்னால் வேறொரு நாளில் பிடித்து ஈடு செய்வது. இருநூற்று நாற்பது வீடுகள். மெஹர் பானுவுக்கு இருநூற்று நாற்பதும் தெரியவில்லை. ஒரு வீடுதான் தெரிந்தது. அவள் வாப்பாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் முப்பதையும் பிடித்தார். இருபதாம் நோன்பன்று முற்றத்தில் தலை சுற்றி உட்கார்ந்தவர், உம்மா தண்ணீர் கொண்டு வந்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டார். களா என்று பள்ளியில் சொன்னால் வீட்டில் யார் தடுத்தாலும் கேட்க மாட்டார். சித்திரை வெயில் வேறு.

“சரி பண்ணிட்டல்ல, அப்புறம் என்ன?” என்றார் அஜ்மீர்.

“எப்பலேருந்து தப்புன்னு தெரியலையே நானா.”

அஜ்மீர் உட்கார்ந்தார். பிறகு, “கோப்புல தேதி இருக்கும்ல?” என்றார்.

இல்லை. பலகைகள் தினமும் காலையில் ஆபீஸ் கணினியிலிருந்து கோப்பை இறக்கிக்கொள்ளும். அதனால் அங்கே எப்போதும் இன்றைய தேதிதான். ஆபீஸ் கணினியோ இந்த வாரத் தொடக்கத்தில் வாங்கிய புதுசு. பழையதிலிருந்து எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி இறக்கியது அஜ்மீர்தான். பழையதைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தும்விட்டார். அறுபத்திரண்டு பள்ளிகளின் கோப்புகளுக்கும் ஒரே தேதி, ஒரே மணி. நான்கு கீழப்பள்ளிகளில் மூன்றில் கூட்டல் இரண்டு. ‘இதுதான் கடைசி’யில் கழித்தல். அவசரத்தில் அதன் மேலேயே பலமுறை மாற்றியிருக்கிறாள். அந்தக் கடைசி எந்தக் கடைசி என்பது யாருக்கும் தெரியாது.

“இஃபாத் சொன்னது இருந்திருந்தா இந்தத் தலைவலியே இல்ல,” என்றார் அஜ்மீர்.

“இருந்திருந்தாலும் பட்டியல் எழுதுறது நான்தானே நானா? தப்பா எழுதியிருப்பேன். அது தினமும் தவறாம அந்தத் தப்பையே போட்டுக்கிட்டு இருந்திருக்கும். இன்னைக்குத் திருத்தினா திருத்தினதைப் போடும். நடுவுல என்ன இருந்துச்சுன்னு அதைக் கேட்டா சொல்லாது.”

நித்யஸ்ரீ திருகாணிகளை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

“அக்கா, காஜா மாமா எப்பெப்ப போன் பண்ணாருன்னு பாருங்க. அவரு சொல்லாம நீங்க அந்தக் கோப்பைத் தொட மாட்டீங்கல்ல?”

அது சரியான பேச்சு. மெஹர் பானு தன் போனில் தேடினாள். ரமலான் தொடங்கியதிலிருந்து காஜா மைதீன் மூன்று முறை அழைத்திருந்தார். பதினேழாம் நோன்பு பகலில். இருபத்துநான்காம் நோன்பு இரவு. பெருநாளில் தொடங்கும் ஷவ்வால் மாதத்தின் நான்கில். ஒவ்வொரு முறையும் எதையோ மாற்றச் சொன்னார். எதை என்பது நினைவில்லை. ஒருமுறை ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகை நேரம். ஒருமுறை பின்னிரவுத் தொழுகை. ஒருமுறை பஸ்ஸில் நின்றுகொண்டே மாற்றியது ஞாபகம் இருக்கிறது, எந்த முறை என்பது இல்லை.

மாற்றியது மறுநாள் காலையில்தான் பலகையில் ஏறும். பதினேழில் தவறியிருந்தால் பதிமூன்று களா. இருபத்துநான்கு என்றால் ஆறு. ஷவ்வால் என்றால் ரமலான் களா ஒன்றுமில்லை.

“நோன்புல தப்பா இருந்தா ஊரே கண்டுபிடிச்சிருக்கும்மா,” என்றார் அஜ்மீர். “வீட்டுக்கு வீடு நேர அட்டை தொங்குதுல்ல?”

“எங்க வீட்டுலயும் தொங்குது நானா. பாங்கு சொன்னதும் திறப்போம். அட்டையை யாரு பாத்தா?”

அஜ்மீர் ஸ்கூட்டி சாவியை நித்யஸ்ரீயிடம் நகர்த்தினார். “ரெண்டு பேரும் நேர்ல போங்க. போன்ல இதைப் பேசாதீங்க.”

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் ஜமாஅத்தின் ஆபீஸ் அறை. காஜா மைதீன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஜொஹரா மாமி வீட்டுக்குப் போயிருப்பார் என்று பார்த்தால், வாசல் பெஞ்சில் இருந்தார்.

“நான் போக மாட்டேன்,” என்றார். “என் நோன்பு என்னாச்சுன்னு தெரியாம எப்படிப் போறது?”

மெஹர் பானு மூன்று தேதிகளையும் சொன்னாள். மறைக்காமல், இதில் எது என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். காஜா மைதீன் தாடியைத் தடவிக்கொண்டார். அவர் எதையும் எழுதி வைப்பவர் இல்லை. எதற்காக அழைத்தார் என்று அவருக்கும் நினைவில்லை.

நித்யஸ்ரீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாட்டிய பலகை ஜன்னல் வழியே தெரிந்தது. அதற்கு நேர் கீழே, உள்வராந்தாவில், கஞ்சி வார்க்கும் சிமென்ட் மேடை.

“மாமா, நோன்புக் கஞ்சி அந்த மேடையிலதானே ஊத்துவீங்க?”

“ஆமாம்மா. ஏன், ஒனக்குக்கூட மெஹரு தூக்குல வாங்கிக்கிட்டு வருவாளே.”

“அங்க யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா?”

காஜா மைதீன் அவளையே பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போனைத் தேடி எடுத்தார்.

கீழப்பள்ளியில் முப்பது நாள் கஞ்சிக்கும் முப்பது பேர் பொறுப்பு. பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். இன்றைய கஞ்சி தோஹாவில் இருப்பவரின் உம்மா பெயரில், நாளைய கஞ்சி குவைத்தில் இருப்பவருக்குக் குழந்தை பிறந்ததற்காக. அவரவர் முறை வரும் நாளில் கஞ்சி காய்ச்சுவதையும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து குடிப்பதையும் படம் எடுத்து, நோன்பின் எண்ணையும் கொடுத்தவரின் பெயரையும் எழுதி, கஞ்சி வாட்ஸப் குரூப்பில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அங்கிருந்து போன் வந்துவிடும். ஒன்றையும் எழுதி வைக்காத காஜா மைதீன் இதை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

“கடைசியிலேருந்து பாருங்க மாமா,” என்றாள் மெஹர் பானு.

முப்பதாம் நோன்பு. அடுப்பில் அண்டா. பலகை இல்லை. அடுத்த படம். வரிசை. பின்னால் பலகை. ஆனால் எழுத்து பாதிதான் எரிந்தது. மக்ரிபுக்கு நேரே ஆறு, புள்ளி, இரண்டு. கடைசி எழுத்தில் கீழ்ப்பாதி கறுப்பு.

“போன்ல எடுத்தா அப்படித்தான் வரும்,” என்றாள் நித்யஸ்ரீ. “லைட்டு விட்டு விட்டு எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.”

மூன்றாவது படத்தில் ஒருவரின் தொப்பி சரியாக அந்த இடத்தை மறைத்தது.

“யாரு அது?” என்று ஜொஹரா மாமி எட்டிப் பார்த்தார். “சஃபியுல்லாவா? எங்க உசரமா ஒருத்தன் நின்னாலும் அது இவன்தான்.”

இருபத்தொன்பது. பலகை முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. இருபத்தெட்டு. காஜா மைதீன் விரல்களால் படத்தை விரித்தார். ஆறு, புள்ளி, இரண்டு, நான்கு.

மெஹர் பானு போனை வாங்கித் தானே விரித்துப் பார்த்தாள். நான்கு. ஐயமே இல்லாத நான்கு. மேலே காஜா மைதீனின் எழுத்து: நோன்பு 28, கஞ்சி தோஹா முருகானந்தம் அண்ணன் குடும்பத்தார்.

“இவரும் கஞ்சி கொடுக்கிறாரா?” என்றாள் நித்யஸ்ரீ.

“பதினோரு வருசமா. அவருக்கும் போட்டோ போடலேன்னா கோவம் வந்துடும்.”

இருபத்தெட்டில் சரி என்றால் பதினேழிலும் இருபத்துநான்கிலும் தவறு நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஷவ்வால் நான்கு வரை அவள் அந்தக் கோப்பைத் தொடவில்லை. ஆனாலும் மெஹர் பானு எழுந்திருக்கவில்லை. முப்பதாம் நாளையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். காஜா மைதீன் தோஹாவுக்கும் குவைத்துக்கும் கேட்டு எழுதினார். பத்து நிமிடத்தில் குவைத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. முப்பதாம் நாள் கஞ்சி கொடுத்தவர், வீடியோ காலில் பார்த்ததைப் பதிவு செய்து வைத்திருந்தார். பாத்திரச் சத்தம், பிள்ளைகள் சத்தம், காஜா மைதீனின் முதுகு. பலகை மினுக்கி மினுக்கி எரிந்தது. ஒரு மினுக்கில் மேல்பாதி, அடுத்ததில் கீழ்ப்பாதி. சேர்த்துப் படித்தால் ஆறு இருபத்துநான்கு.

மெஹர் பானு முக்காட்டின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் காஜா மைதீன். இரண்டு முறை சொன்னார்.

“அப்ப ஷவ்வால் ஆறு நோன்புதான் அடி வாங்குது,” என்று ஜொஹரா மாமி கணக்கிட்டார். “அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும். நேத்து நான் சூரியனைப் பாத்துட்டுத்தான் திறந்தேன். எனக்கு மூணுதான் போச்சு. ஒனக்கு?”

“நானும் ஆறு நோன்பு பிடிக்கிறேன். நாலு போச்சு மாமி.”

“தப்பு பண்ணினவளுக்கு ஒண்ணு கூட. சரிதான்.” மாமி முதல்முறையாகச் சிரித்தார். “மாசம் முடியப் போதுமான நாள் கெடக்கு. பிடிச்சிடலாம்.”

காஜா மைதீன் இமாமிடம் போக எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, “போர்டு கோளாறுன்னு சொல்லிடவா?” என்றார்.

“கோளாறு இல்ல மாமா. நான் மாத்திப் போட்டுட்டேன். அப்படியே சொல்லுங்க. அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும் பாங்கைக் கேட்டுத் திறந்தவங்க திரும்பப் பிடிக்கட்டும். ரமலான்ல ஒண்ணும் இல்லைன்னு அதை மொதல்ல சொல்லுங்க.”

ஆபீசுக்குத் திரும்பியபோது அஜ்மீர் வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் போனில் வந்துவிட்டது. ஆனாலும் முழுவதையும் அவள் வாயால் கேட்டார். வீடியோ வந்த இடத்தை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, “அந்தப் பழைய கம்ப்யூட்டரை நான் தொடைச்சிருக்கக் கூடாது” என்றார்.

“நானா, கிட்டுதான். ஆன்சிபிள் அப்புறம். பட்டியலே கிட்டுக்குள்ள இருக்கணும். எழுதினதுதான் போய்ச் சேரணும், போய்ச் சேந்ததெல்லாம் எழுதியிருக்கணும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“ஆரம்பிக்க இன்னைக்கே போதும்.”

“இஃபாத் கேட்டா என்ன சொல்றது?”

“அவன் கம்பெனியில ரெண்டும் இருக்கும் நானா. கிட்டு எப்பவோ வந்துடுச்சு, அதனால அவனுக்கு அது கண்ணுல படல.”

அஸருக்குள் அறுபத்திரண்டு பள்ளிகளின் கோப்புகளும் உள்ளே போய்விட்டன. கீழப்பள்ளியின் கழித்தல் இரண்டை, தவறும் பதிவில் இருக்கட்டும் என்று அப்படியே முதலில் பதிந்தாள். பிறகு திருத்தி, இரண்டாம் பதிவில் காரணம் எழுதினாள்: ‘மக்ரிப் நிமிடம் தவறாக ஒட்டப்பட்டது. ஷவ்வால் 5 முதல் 8 வரை பலகையில் இருந்தது. ரமலானில் இல்லை, படம் பார்த்து உறுதி செய்யப்பட்டது.’

அஜ்மீர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் குனிந்தார்.

“ஒன் பேரு வந்திருக்கே.”

“அது தானா போட்டுக்கும்.”

“என் பேரைப் போட முடியாதா? கம்பெனி என்னோடதுதானே.”

“முடியாது நானா,” என்றாள். முடியும். ஆனால் சொல்லவில்லை.

வீட்டுக்கு அதற்குள் பாதிச் செய்தி போயிருந்தது. வாப்பா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார். எதைக் காலையில் நகர்த்துவது, எதை இரவில் என்று.

“எத்தனை களாம்மா?”

“ஒண்ணும் இல்ல வாப்பா. உங்க முப்பதும் முப்பதுதான்.”

அவர் டப்பாவை மூடினார்.

“நீ எத்தனை பிடிக்கணும்?”

“நாலு.”

“ஒத்தையா பிடிப்பியே. தொணைக்கு நானும்...”

“ஒண்ணும் வேணாம்,” என்று அடுப்படியிலிருந்து உம்மாவும் கட்டில் பக்கத்திலிருந்து அவளும் ஒரே குரலில் சொன்னார்கள்.